நீலக் கம்பெனியின் ஜாமீன்

அத்தியாயம் – 5

“சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. நீலத்துக்கு என்ன மேடம் அர்த்தம்?”

மேசை மேல் வரிசையாகக் கிடந்த மூன்று பிளாஸ்டிக் ஃபைல்களைப் பார்த்துத்தான் முனீஸ்வரன் இப்படிக் கேட்டான். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. இருபது வருடம் மூணாறு பக்கம் டூரிஸ்ட் ஜீப் ஓட்டிய வாய் அது, சும்மா இருக்காது. தெரிந்தேதான் தமிழ்ப்ரியா அவனை உதவியாளனாக வைத்திருந்தாள்.

கேரளத்துக் கஞ்சிக்கோட்டில், கோயமுத்தூர் ரோட்டோரம், லாரி எடைமேடைக்கு மேல்மாடியில் இருந்தது தமிழ்ப்ரியா துப்பறியும் நிலையம். கீழே லோடு லாரி ஏறினால் மேலே டீ டம்ளர் நடுங்கும். நாற்பத்து மூன்று வயதான தமிழ்ப்ரியா இதை ஆரம்பிப்பதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டி விபத்து கிளெய்ம்களைச் சோதித்துக்கொண்டிருந்தவள். பொய் சொல்கிற ஆளைவிடப் பொய் சொல்கிற காகிதம் சீக்கிரம் மாட்டும் என்பது அவளுடைய கட்சி. முனீஸ்வரன் நேர் எதிர்க்கட்சி. ஆளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பான். இதுவரை பத்துக்கு எட்டு அவன் தோற்றிருக்கிறான் என்பது வேறு விஷயம்.

எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி யோகப்பிரியா. கொல்லங்கோட்டில் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. இன்னொருவன் ரமேஷ்குமார், அவள் கணவன் கௌசிக்கின் பெரியப்பா மகன். முப்பத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, அடக்கமான பேச்சு, உட்காரும்போதே நாற்காலியை ஓசையில்லாமல் நகர்த்திப் போட்ட பவ்யம். முனீஸ்வரனுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போனது.

“விசயம் இதுதானுங்க மேடம்” என்று ரமேஷ்குமார்தான் ஆரம்பித்தான். “தம்பியும் இந்தப் புள்ளையும் நியூஸிலாந்து போறாங்க. இன்னும் ஒம்பது நாள்தான் இருக்குது. அங்க வாடகைக் கார் எடுத்து அவங்களே ஓட்டிக்கறதுன்னு பிளான். மூணு கம்பெனி பாத்து வெச்சிருக்கறோம். ஊரு உலகமெல்லாம் ஆன்லைன் ஏமாத்தாக் கெடக்குது. நீங்க விசாரிச்சு எது நல்ல கம்பெனின்னு சொல்லிட்டீங்கன்னா, கண்ண மூடிட்டு அதை எடுத்துக்குவோம்.”

“எப்ப முடிவு பண்ணுனதுங்க இந்த டூரு?” தமிழ்ப்ரியா யோகப்பிரியாவைப் பார்த்துக் கேட்டாள்.

“பிப்ரவரிலதாங்க பேச்சே வந்துச்சு. விசா போன வாரம்தான் கெடைச்சுது. அப்புறமேட்டுக்குத்தான் காரே தேட ஆரம்பிச்சோம்.”

தமிழ்ப்ரியா சிவப்பு ஃபைலைப் பிரித்தாள். வாடகை கொள்ளை மலிவு. முழுப் பணத்தையும் ஒரு மொபைல் நம்பருக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம். அவள் அதை முனீஸ்வரன் பக்கம் தள்ளினாள். அவன் காரின் போட்டோவை ஒரு தடவைதான் பார்த்தான்.

“மேடம், இது நியூஸிலாந்து வண்டி இல்ல. அங்க நம்ம ஊரு மாதிரி ரைட்டுலதான் ஸ்டீயரிங். இதுல லெப்ட்டுல இருக்கு. எங்கிட்டோ உள்ள போட்டோவைத் திருடி ஒட்டியிருக்கான். திருடுறதையாவது உருப்படியாத் திருடியிருக்கலாம்.”

சிவப்பு ஃபைல் குப்பைக் கூடைக்குப் போனது.

பச்சை ஃபைல் தடிமனாக இருந்தது. பச்சைக் கம்பெனிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். வண்டி ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அதில் பெருந்தொகையை டெபாசிட்டாகப் பிடித்து வைப்பார்கள், வண்டியில் கீறல் விழுந்தால் இவ்வளவு, ஜல்லி ரோட்டில் ஓட்டினால் அவ்வளவு என்று பதினொரு பக்கம் எழுதியிருந்தது. இணையத்தில் அந்தக் கம்பெனியைத் திட்டி எழுதியவர்களும் நிறையப் பேர்.

“இது ஆகாதுங்க” என்றான் ரமேஷ்குமார். “கௌசிக்கிட்ட ஏதுங்க கிரெடிட் கார்டு? எங்க ஊட்டுல கிரெடிட் கார்டுன்னா பயிர்க் கடனுக்குக் குடுக்கற கிசான் கார்டுதான். அதையே ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டான் பாவம். என்ன இதுன்னு அந்தக் கம்பெனிக்காரன் மூணு மெயில் போட்டுட்டான்.”

முனீஸ்வரன் சிரிப்பை அடக்க எடைமேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றாவது நீலம். நீலக் கம்பெனிக்குக் கிரெடிட் கார்டே வேண்டாம். டெபாசிட்டும் வேண்டாம். லைசென்ஸ் நகல், பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சுயகையொப்பத்துடன், டெபாசிட்டுக்குப் பதிலாக நிலம் வைத்திருக்கும் ஒருவர் முத்திரைத்தாளில் தரும் ஜாமீன், அந்த நிலத்துக்கு இந்த வருடம் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீது. அவ்வளவுதான். இந்தியாவுக்கான பிரதிநிதி அலுவலகம் காந்தலூரில் இருப்பதாகக் கீழே விலாசம் போட்டிருந்தது.

“நெம்ப விவரமான கம்பெனியா இருக்குதே” என்றாள் தமிழ்ப்ரியா.

ரமேஷ்குமாரின் முகம் மலர்ந்தது. “அதைத்தானுங்க நானும் சொல்றேன். முத்திரத்தாள்ல எழுதிக் கேக்கறவன் ஏமாத்துக்காரனா இருப்பானுங்களா? சின்னம்மா பேர்ல அஞ்சு ஏக்கரா தோட்டம் இருக்குது. அவங்க ஜாமீன் போட்டுருவாங்க. என்ன, இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லணுமாம். இந்தப் புள்ளைக்குத்தான் மனசு ஒப்பலை.”

சின்னம்மா என்று அவன் சொன்னது கௌசிக்கின் அம்மா ராமாத்தாளை. கணவர் அர்த்தநாரி இறந்து ஆறு வருடம் ஆகிறது. கொல்லங்கோட்டில் உள்ள அந்த ஐந்து ஏக்கர்தான் குடும்பத்துக்குச் சோறு. ரமேஷ்குமாரும் பத்து வயதில் அப்பா அம்மாவை இழந்து அதே வீட்டில்தான் வளர்ந்தவன். இப்போது பக்கத்திலேயே மூன்று ஏக்கரில் தனியாகப் பண்ணையம் பார்க்கிறான்.

“எனக்கென்னமோ பயமாத்தான் இருக்குதுங்க” என்றாள் யோகப்பிரியா. “எங்களுக்கு ஒரு பத்து நாள் காரு வேணும். அதுக்கு அத்தையோட தோட்டம் எதுக்குங்க நடுவுல வரணும்? யாராச்சும் நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டும்னேன். சரி, ஒரு டிடெக்டிவையே வெச்சுப் பாத்துரலாம்னு இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க.”

“ஊட்டுல எல்லாரும் காத்துட்டு இருப்போம்” என்றான் ரமேஷ்குமார் எழுந்தபடி. “காந்தலூர்ல பாத்துட்டு, போனப் போட்டு சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சரின்னாத்தான் சின்னம்மா பேனாவையே எடுப்பாங்க.”

அவர்கள் படியிறங்கிப் போனதும் தமிழ்ப்ரியா நீல ஃபைலை மட்டும் எடுத்துப் பையில் வைத்தாள்.

“வண்டிய எடுங்க முனீசண்ணா. எம்பட ஒரு வார்த்தைக்கு அஞ்சு ஏக்கரா வெலையாம். இந்த மதிப்பு எனக்கு எப்ப வந்துச்சுன்னு பாத்துட்டு வரலாம்.”

கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி தாண்டி, உடுமலைப்பேட்டையில் டீ குடித்துவிட்டு, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தார்கள்.

“கேரளாவுல ஏறி, கேரளாவுல எறங்க, நடுவுல தமிழ்நாட்டையே தாண்ட வேண்டியிருக்கு” என்றான் முனீஸ்வரன். “இதுக்கு நியூஸிலாந்தே பக்கம் மேடம்.”

தமிழ்ப்ரியா நீலக் கம்பெனியின் இரண்டு பக்கக் காகிதத்தைப் பொள்ளாச்சியிலிருந்து நாலாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கம்பெனியின் பதினொரு பக்கத்துக்கு அவள் இத்தனை நேரம் எடுத்துக்கொள்ளவில்லையே என்று முனீஸ்வரனுக்கு உறுத்தியது.

மறையூர் வருவதற்குள் ரமேஷ்குமாரிடமிருந்து இரண்டு போன் வந்தது. முதல் போனில் ரோடு நன்றாக இருக்கிறதா என்றான். இரண்டாவதில் சாப்பிட்டீர்களா என்றான்.

“தங்கமான மனுசன் மேடம். சம்பளம் குடுக்குற நீங்க ஒரு நாளாவது எங்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா?”

“நீங்க சாப்பிடாம இருந்த நாள் ஒண்ணு வரட்டும், கேக்கறேன்.”

காந்தலூரில் வண்டியை விட்டு இறங்கியபோது மணி இரண்டரை ஆகியிருந்தது. தெருவெங்கும் பூண்டு வாசனை. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பூண்டு கோடவுன், அதன் மாடியில் பளபளவென்று நீல போர்டு. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் கம்பெனியின் பெயர்.

“ஆபீஸ் நெசமாவே இருக்குதே” என்றாள் தமிழ்ப்ரியா.

“அதான் மேடம் எனக்கு சந்தேகமா இருக்கு” என்றான் முனீஸ்வரன். “நியூஸிலாந்துக்காரன் டெல்லியில ஆபீஸ் போடுவான், கொச்சியில போடுவான். பூண்டு மூட்டைக்கு மேல வந்து உக்காருவானா? உள்ள இருக்கிறவனை நான் பாத்துக்கிறேன். மூஞ்சியைக் காட்டுனாப் போதும்.”

உள்ளே இருந்தவன் பெயர் சூசையப்பன். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை. நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. சுவரில் ஏரியும் பனிமலையும் உள்ள பெரிய படம். இவர்களைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் வியர்க்கிறது என்றால் மடியில் கனம் இருக்கிறது என்று முனீஸ்வரன் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டான்.

“வாங்க வாங்க, உக்காருங்க. நியூஸிலாந்துக்குத் தானே?”

“இந்தக் கம்பெனி உங்களுதுங்களா?” என்று கேட்டாள் தமிழ்ப்ரியா.

“இல்ல மேடம், நான் ரெப்பு. இண்டியா முழுசுக்கும்.”

“இண்டியா முழுசுக்கும் காந்தலூர்ல இருந்தா?” என்றான் முனீஸ்வரன்.

“ஏன், காந்தலூர் இண்டியாவுல இல்லையா?”

முனீஸ்வரனுக்குச் சுருக்கென்றது. தன் வாய்க்குத் தோதான இன்னொரு வாயைச் சந்திப்பது அவனுக்கு எப்போதும் பிடிக்காது.

சூசையப்பன் பெருமையோடு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். நியமனக் கடிதம், கார்களின் படங்கள், தன் பெயர் போட்ட விசிட்டிங் கார்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் எங்கேயோ உதைக்கும் என்று முனீஸ்வரன் மேடத்தின் முகத்தைப் பார்த்தான். அவளோ தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் தலையாட்டல் அவனுக்குக் கவலையாக இருந்தது.

“இந்த லெட்டர் எப்படீங்க வந்துச்சு? தபால்லயா?”

“கேரட் வண்டில மேடம்.”

“கேரட் வண்டிலயா?”

“நம்ம ஊரு கேரட்டும் பூண்டும் பிக்கப்புல கீழ போகும்ல? காலி ட்ரேயெல்லாம் திரும்பி வரும். அந்த ட்ரேயில வெச்சு விட்டிருந்தாக. இங்க எல்லாம் அப்படித்தான். மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, செருப்புக்கு மாத்துச் செருப்புகூட ட்ரேயிலதான் வரும். போஸ்ட்மேனை நம்புனா ரெண்டு நாளாகும். பிக்கப்பு சாயங்காலத்துக்குள்ள வந்துரும்.”

“எந்த ஊர்ல இருந்து வந்த பிக்கப்புங்க?”

“கொல்லங்கோட்டு வண்டி.”

முனீஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தமிழ்ப்ரியா எந்த அவசரமும் காட்டவில்லை.

“கம்பெனிக்காரங்க யாரையாச்சும் நேர்ல பாத்திருக்கறீங்களா?”

“போன்லதான். தமிழ்லயே பேசுவாக. ரொம்ப மரியாதை. நல்லா இருக்கீகளா, சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாக.”

“உங்களுக்கு வேலை என்னங்க?”

“யாராச்சும் விசாரிச்சுக்கிட்டு வந்தா, ஆமா, நம்ம கம்பெனிதான், நல்ல கம்பெனின்னு சொல்லணும். போர்டு வைக்கணும். அம்புட்டுதான்.”

“இதுவரைக்கும் எத்தனை பேர் வந்தாங்க?”

சூசையப்பன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். “நீங்கதான் மேடம் மொதல்ல.”

“உங்ககிட்ட என்ன டாக்குமென்ட் வாங்குனாங்க? ஜாமீன், முத்திரத்தாள், அந்த மாதிரி?”

“ஒண்ணுமில்ல மேடம். ஆதார் காப்பிகூடக் கேக்கல. எல்லாம் நம்பிக்கைதான்.”

தமிழ்ப்ரியா வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். உருப்படியான கேள்வியை எப்போதும் அவள் வாசலில் நின்றுதான் கேட்பாள்.

“உங்க பேர்ல நெலம் ஏதாவது இருக்குதுங்களா?”

“எஸ்டேட் லயத்துல பொறந்தவனுக்கு ஏது மேடம் நெலம்? வீட்டு முன்னால ரெண்டு பூச்சட்டி இருக்கு. அதுல உள்ள மண்ணுதான் நம்ம மண்ணு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான் முனீஸ்வரனும். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதி வைத்த தீர்ப்பை முதல் தடவையாக அவன் மனதுக்குள் கிழித்தான்.

வெளிவராந்தாவில் வந்து நின்று தமிழ்ப்ரியா போனை எடுத்தாள். மணி மூன்றரை.

“மேடம், சரின்னு சொல்லப் போறீங்களா?” முனீஸ்வரன் பதறினான்.

“ஏனுங்க? ஆபீஸ் இருக்குது, போர்டு இருக்குது, ஆளும் நல்லவரு.”

“ஆளு நல்லவருங்கிறதாலதான் பயமா இருக்கு.”

தமிழ்ப்ரியா சிரித்தாள். பையிலிருந்து நீலக் கம்பெனியின் காகிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“என்னென்ன கேக்கறாங்கன்னு படிங்க. பாஸ்போர்ட்டுல கடைசிப் பக்கம். நம்ம பாஸ்போர்ட்டுலதான் கடைசிப் பக்கத்துல அப்பா அம்மா பேரும் ஊட்டு விலாசமும் இருக்குது. வண்டி குடுக்கற வெள்ளைக்காரனுக்கு எங்கப்பன் பேரு எதுக்கு? போட்டோ இருக்கற பக்கமே அவனுக்குப் போதும். அடுத்து, சுயகையொப்பம். ஜெராக்ஸ் காப்பி மேல கையெழுத்துப் போட்டுக் குடுன்னு கேக்கறது நம்மூரு ஆபீஸ் பழக்கம். கடைசியா, கரம் ரசீது. வில்லேஜ் ஆபீஸ்ல நெலத்துக்கு வரி கட்டுன சீட்டுன்னு நம்ம மாவட்டம் தாண்டுனாலே நாலு பேருக்கு வெளக்கிச் சொல்லோணும். நியூஸிலாந்துக்காரனுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

முனீஸ்வரன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காலையில் தானும் இதைத்தான் வாசித்தான். எல்லா ஆபீஸிலும் கேட்பதைத்தானே கேட்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டான். பழகிய கேள்வி என்பதாலேயே கண்ணில் படாமல் போயிருக்கிறது.

“அப்ப இது முழுக்க உள்ளூர்ச் சரக்கா மேடம்?”

“கொல்லங்கோட்டுச் சரக்கு. நெலம் இல்லாத சூசையப்பன்கிட்ட ஒரு தாளும் கேக்கலை. நெலம் இருக்கற ராமாத்தாகிட்ட மட்டும் முத்திரத்தாள். கார் வாடகைக்கு விடறவனுக்குக் காருமேலயல்லோ கண்ணு இருக்கோணும்?”

“யாரு மேடம்?”

“அதைத் தாளுகிட்டயே கேட்டுருவோம்.”

அவள் யோகப்பிரியாவின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கமும் ஸ்பீக்கர்தான். ஒரே மணியில் எடுத்தார்கள்.

“சரிதானுங்களே மேடம்?” என்றது ரமேஷ்குமாரின் குரல். “சின்னம்மா பேனாவோட உக்காந்திருக்கறாங்க.”

“ஆபீஸ் இருக்குதுங்க. போர்டு இருக்குது. ஆளும் இருக்கறாரு.”

“சொன்னேனல்லோ!”

“அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். யோகப்பிரியா, உங்ககிட்ட கிரெடிட் கார்டு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. என் பேர்லதான்.”

“லைசென்ஸு?”

“காலேஜ் படிக்கறப்பவே எடுத்தாச்சுங்க. தெனமும் காரை எடுத்துட்டுத்தான் பேங்குக்குப் போறேன்.”

“அப்ப ஓட்டறது நீங்கன்னு போட்டுட்டாப் பச்சைக் கம்பெனி கேக்கறது மொத்தமும் உங்ககிட்டயே இருக்குதே. எதுக்கு ஜாமீன், எதுக்குத் தோட்டம்?”

ஆண்பிள்ளை இருக்கும்போது ஓட்டுவது ஆண்பிள்ளைதான் என்று அத்தனை பேரும் எழுதாத சட்டமாக நினைத்திருக்கிறார்கள். மூன்று ஃபைல்களையும் படித்த முனீஸ்வரனுக்குமே அது தோன்றவில்லை. இத்தனைக்கும் அவன் வேலையே வண்டி ஓட்டுவது.

“நான் ஒருக்கா சொன்னேனுங்க” என்றாள் யோகப்பிரியா. “யாரு காதுலயும் ஏறலை.”

“அட ஆமா!” என்று கௌசிக் சிரித்தான். “நீயே ஓட்டு. நான் வேடிக்கை பாத்துட்டு வரேன்.”

“அதெப்படி?” ரமேஷ்குமார் குறுக்கிட்டான். “தெரியாத தேசத்துல பொம்பளப் புள்ளை ஓட்டறதாவது! பச்சைக் கம்பெனியைப் பத்தி எத்தனை பேரு திட்டி எழுதியிருக்கறாங்க. மேடம், நீங்க நீலக் கம்பெனியைத்தானே பாக்கப் போனீங்க? அது சரியா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

“ஜாமீனே வேண்டாம்னு வேலை முடிஞ்சா உங்களுக்கு சந்தோசமல்லோ வரோணும் ரமேஷ்குமார்? ஏன் கோவம் வருது?”

பதிலுக்குக் காத்திராமல் தமிழ்ப்ரியா அடுத்ததற்குப் போனாள்.

“யோகப்பிரியா, அந்த முத்திரத்தாளை எடுங்க. என்ன எழுதியிருக்குது?”

“ஒண்ணும் எழுதலைங்க. வெறுந்தாளா இருக்குது. கீழ கையெழுத்துக்கு மட்டும் பென்சில்ல கோடு போட்டிருக்குது.”

“மேட்டரை அவங்க வக்கீல் அடிச்சுக்குவாருன்னு சொல்லியிருக்கறாங்க” என்றான் ரமேஷ்குமார் வேகமாக.

“திருப்புங்க. பின்னாடி தாளு வித்தவரோட சீல் இருக்கும். வாங்குனது யாரு, என்னிக்குன்னு எழுதியிருக்கும். படிங்க.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவும் சத்தம் கேட்டது. “இங்க குடு புள்ளே, நான் படிக்கறேன்” என்றது ரமேஷ்குமாரின் குரல். “இருங்கண்ணா, அவளே படிக்கட்டும்” என்றது கௌசிக்கின் குரல். அதில் சிரிப்பு இல்லை.

“வாங்கியவர்...” யோகப்பிரியாவின் குரல் தயங்கியது. “ரமேஷ்குமார். கொல்லங்கோடு.”

முனீஸ்வரன் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சாப்பிட்டீர்களா என்று கேட்ட அந்தத் தங்கமான மனுஷனா? பத்துக்கு எட்டு இப்போது பத்துக்கு ஒன்பது ஆகிவிட்டது.

“இதுல என்னங்க இருக்குது?” ரமேஷ்குமார் சிரிக்கக்கூடச் செய்தான். “சின்னம்மா வயசான காலத்துல கடை கடையா அலையோணுமா? ஒத்தாசைக்கு நான்தான் வாங்கியாந்தேன். கூடப் பொறந்தவனா இருந்தா இதைச் செய்ய மாட்டானா?”

நியாயமான பதில்தான். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். தமிழ்ப்ரியாவும் அதை நம்பியவள் போலவே மெதுவாகக் கேட்டாள்.

“தேதி என்ன போட்டிருக்குதுங்க, யோகப்பிரியா?”

“டிசம்பர் பதினொண்ணு.” அவள் மூச்சை இழுப்பது இங்கே கேட்டது. “மேடம், எங்களுக்கு அப்பக் கலியாணமே ஆகலைங்க.”

“நியூஸிலாந்துப் பேச்சு வந்தது பிப்ரவரில. காரு தேடுனது போன வாரம். ஒத்தாசை மட்டும் டிசம்பர்லயே வந்துருச்சு” என்றாள் தமிழ்ப்ரியா. “கௌசிக் தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. நெலம் விக்கறேன்னு கரார் பத்திரம் எழுதறப்ப, தாளு யாராவது ஒரு கட்சிக்காரர் பேர்ல இருந்தாத்தான் கோர்ட்டுல நிக்கும். நம்மூர்ல அதை வாங்கறவருதான் வாங்கியாருவாரு. அதனாலதான் உங்கண்ணன் பேரை மறைக்க முடியலை. ஜாமீனுக்குன்னு உங்கம்மா கீழ போடற கையெழுத்துக்கு மேல, தோட்டத்தை இவருக்கு விக்கறதா முன்பணம் வாங்கிட்டேன்னு நாலு வரி அடிச்சாப் போதும். கரம் ரசீது, பாஸ்போர்ட் கடைசிப் பக்கம், நீங்க கையெழுத்துப் போட்ட காப்பி எல்லாம் அவருகிட்டயே இருக்கும். நீங்க ஏரியும் மலையும் பாத்துட்டுத் திரும்பி வாரப்ப, அவரு போட்ட கேஸுல தோட்டத்துக்குக் கோர்ட்டுத் தடையுத்தரவு நிக்கும். அதுக்குச் சாட்சி நானு. டிடெக்டிவே விசாரிச்சு சரின்னு சொன்னாங்கன்னு ஊர்ல சொல்றதுக்குத்தான் எனக்கு இத்தனை மரியாதை. காந்தலூர் ஆபீசும் போர்டும் அவரு போட்டதுதான். அந்தத் தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க யோகப்பிரியா. தாளு உங்க கைய விட்டுப் போகக்கூடாது.”

நாற்காலி ஒன்று தள்ளப்பட்டு விழுந்தது. கௌசிக் ஏதோ கத்தினான். யாரோ யாரையோ பிடித்துத் தள்ளும் சத்தம். முனீஸ்வரன் தன்னையறியாமல் போனை நோக்கிக் குனிந்தான்.

அப்போது, இதுவரை ஒரு வார்த்தை பேசாத குரல் பேசியது. ராமாத்தாள்.

“உடு கௌசிக்கு. கைய எடு அவன்மேல இருந்து.”

சத்தம் அடங்கியது.

“எதுக்கு ரமேசு? உம்பட காட்டு போர்வெல்லு வத்திப்போச்சு, நம்ம தோட்டத்துக் கெணத்துத் தண்ணி வேணும், அதுக்குத்தானே? வாயத் தொறந்து கேட்டிருந்தா கெணத்தோட சேத்து ஒரு ஏக்கராவை உனக்கு எழுதி வெச்சிருப்பனே, சாமி. உனக்கும் இவனுக்கும் நான் என்னிக்காச்சும் பிரிச்சுப் பாத்தனா?”

ரமேஷ்குமார் பேசியபோது அந்தப் பவ்யம் போயிருந்தது.

“குடுத்திருப்பீங்க சின்னம்மா. எனக்குத் தெரியும். ஆனா காலம்பூராவும் அது நீங்க குடுத்ததாத்தான் இருக்கும். பத்து வயசுல இருந்து அப்படித்தான். சோறு நீங்க போட்டது, துணி நீங்க எடுத்தது, தண்ணி நீங்க உட்டது. ராமாத்தா வளத்த பையன்னுதான் ஊர்ல எனக்குப் பேரு. ஒண்ணாவது நான் வாங்குனதுன்னு இருக்கட்டும்னு பாத்தேன்.”

காந்தலூர்த் தெருவில் ஒரு பிக்கப் காலி ட்ரேக்களோடு வந்து நின்றது. சூசையப்பன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். அவனிடம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று முனீஸ்வரன் வாயைத் திறந்தான். பிறகு அதை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் போட்டான்.

போனில் ராமாத்தாள் அழுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

“நான் வளத்த பையன்கறது உனக்கு அத்தனை கேவலமாவா இருந்துச்சு ரமேசு? செரி. நாளையில இருந்து அந்தப் பேரு உனக்கு இருக்காது. நானும் சொல்ல மாட்டேன்.”

செருப்பு மாட்டும் சத்தமும், பிறகு பைக் கிளம்பும் சத்தமும் கேட்டன. தமிழ்ப்ரியா போனை அணைத்தாள்.